குல்தானின் அடியில் இருந்த வடு

மல் துணி கண்ணாடியில் மாட்டிக்கொண்டால் "சரக்" என்று ஒரு சத்தம் வரும். கிழிகிற சத்தமல்ல, இப்போதே கிழிந்துவிடுவேன் என்று மிரட்டுகிற சத்தம். வெள்ளிக்கிழமை காலைகளில் அம்மா ஷோகேஸின் நடுத்தட்டிலிருந்து பச்சைக் கண்ணாடிப் பூச்சாடியை இறக்கி, மடியில் கவிழ்த்து வைத்துத் துடைக்கும்போது, அதன் அடியில் நாலணாக் காசு அகலத்துக்குச் சொரசொரப்பாக இருந்த ஓர் இடத்தில் துணி மாட்டி அந்தச் சத்தம் எழும். பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கும் நான் உரிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவின் கையைப் பார்ப்பேன்.

அதைப் பூச்சாடி என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. பாதி உருதும் பாதி தமிழுமாகப் பேசுகிற வீடு என்பதால் அது எங்களுக்குக் "குல்தான்". ஒரு முழ உயரம், இடுப்பு சிறுத்து வாய் விரிந்த உடம்பு, வெயிலில் பிடித்த வேப்பிலையின் நிறம், அதன்மேல் தொட்டால் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி வெள்ளையில் வரைந்த ஐந்து பூக்கள், வாயைச் சுற்றித் தேய்ந்துபோன ஒரு தங்கக் கோடு. அந்தப் பெயருக்கு அர்த்தம் பூச்சாடிதான், ஆனால் அதில் ஒரு நாளும் பூ வைத்ததில்லை. கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடுமோ என்று அம்மாவுக்குப் பயம். எனக்கு அம்மாவின் உள்ளங்கை கிழிந்துவிடுமோ என்று பயம். கிழிந்தால் சீழ் பிடிக்கும், சீழ் பிடித்தால் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், கொண்டுபோனால் திரும்பி வருவார்களோ மாட்டார்களோ என்று அந்தப் பத்து வயதில் ஒரு பூண்டு உரித்து முடிப்பதற்குள் நான் அம்மாவின் ஜனாஸா ஊர்வலம் வரைக்கும் போய்விடுவேன். அப்பா என்னைப் "பேஜாரு" என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆம்பூர் ஸ்டேஷன் வரை போய்விட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிறவள்தான் நான். அவர் வைத்த பெயர் தப்பில்லை.

அந்தக் குல்தான் அம்மாவோடு பேரணாம்பட்டிலிருந்து வந்த சீதனம். அம்மாவின் நானா, அதாவது அம்மாவைப் பெற்றவளின் தகப்பனார், தோல் கட்டுகளோடு கப்பலில் சீமைக்குப் போய்த் திரும்பும்போது தன் கையால் வாங்கி வந்தது என்பது அம்மாவின் பேச்சு. அம்மாவுக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது, நகை கிடையாது, படிப்பு கிடையாது; இந்த ஒன்றைத்தான் வருகிறவர்களிடம் சொல்வார், அதுவும் கேட்டால்தான். அடுத்த வீட்டில் இருந்த புப்புவோ, அப்பாவின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம், அதை ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. அம்மாவுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆன பிறகும் புதுப்பெண் என்ற பொருளில் "துல்ஹன்" என்றே கூப்பிடுகிற புப்பு, விருந்தாளிகள் ஷோகேஸ் பக்கம் திரும்பினால் போதும், குரலைத் தாழ்த்தாமல் சொல்வார்: "எங்க துல்ஹனோட நானா மெட்ராஸ் பெரியமேட்டுத் தோல் மண்டியைத் தாண்டினது இல்ல. மாட்டு வண்டியில தோல் பொறுக்கின மனுஷன். வேலூர் கோட்டை வாசல்ல வாங்கியிருப்பாரு, வரும்போது வண்டி ஆடினதைக் கப்பல்னு நெனச்சிட்டாரு."

எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார். பிறகு சமையலறைக்குப் போய் ஏற்கெனவே கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவுவார். நானாவைப் பொய்யர் என்று சொன்னால் அவரைச் சொல்லி வளர்ந்த அம்மாவும் பொய் என்றாகிறது. அது எனக்குப் புரிந்திருந்தது.

அப்பா ஒரு தோல் கம்பெனியில் "செலக்‌ஷன்" பார்ப்பவர். பதனிட்டு முடிந்த தோலை வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் மேசையில் விரித்து, முகம் என்று சொல்கிற மேல்பக்கத்தைத் தடவி, கவிழ்த்துச் சதைப்பக்கம் பார்த்து, முள்வேலி கிழித்த வடு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு எல்லாவற்றையும் கட்டைவிரலாலேயே படித்து, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. அந்தப் புத்தி கம்பெனி கேட்டோடு நிற்கவில்லை. மாம்பழம் வாங்கினாலும் செலக்‌ஷன்தான். ஒருமுறை சொந்தத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்து, பெண் வீட்டார் எல்லாரும் காத்திருக்க, "பையன் செகண்ட். அவங்கம்மா ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனவர்.

அவர் வேலையில் ஒரே ஒரு விஷயத்தை இங்கே விளக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வடு உள்ள தோலின் முகத்தை எமரித் தாள் சுற்றிய மெஷினில் கொடுத்துச் சீவி, மேலே பூச்சு ஏற்றினால் வடு தெரியாது. அதற்குப் "பஃபிங்" என்று பெயர். அது திருட்டு வேலை இல்லை, எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். ஆனால் பஃபிங் செய்தது என்று சொல்லி விற்க வேண்டும். சொல்லாமல், பிறந்த முகம் இதுதான் என்று ஃபர்ஸ்ட்டில் சேர்த்துக் கட்டினால் அதுதான் பாவம். அந்த வருடம் எங்கள் ஊரில் ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து அப்படிக் கட்டிப்போன சரக்கு திரும்பி வந்து, அங்கே செலக்‌ஷன் பார்த்தவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த மனிதர் கடைத்தெருவில் வந்தால் அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் அப்பாவின் கம்பெனிக்கு வழக்கமாகச் சரக்கெடுக்கிற ஜெர்மன்காரர் வந்தார். முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை வருபவர், இந்த முறை சந்தேகத்தோடு வந்திருக்கிறார் என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு என்று கம்பெனி மேனேஜர் சுந்தரம் சார் முடிவு செய்துவிட்டார், அம்மாவின் பிரியாணிக்கு அப்படி ஒரு பெயர்.

அப்பா நான்கு நாள் முன்பே வீட்டைச் சரக்கெடுக்க வருகிறவரின் கண்ணால் பார்க்கத் தொடங்கினார். சுவரில் எண்ணெய்த் தலை சாய்ந்த கறை, நாற்காலியில் ஆடுகிற கால், எல்லாம் அவர் கண்ணில் பட்டன. ஷோகேஸுக்கு வந்தபோது நான் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். முன்பே மூன்று முறை சொல்லி அவர் காதில் வாங்காத சங்கதிதான்: குல்தானின் அடியில் சொரசொரப்பாக இருக்கிறது, அம்மா கை கிழிந்துவிடும், இப்போது அந்த வெள்ளைக்காரர் கையும் கிழியும், கிழிந்தால் கம்பெனிக்குக் கெட்ட பெயர். அப்பா அதை எடுத்தார். தோலைக் கவிழ்ப்பது போலவே கவிழ்த்தார். கட்டைவிரல் அந்த இடத்தில் நின்றது.

"இன்னாம்மா பேஜாரு, இவ்ளோ பெரிய வடுவா இருக்குது. அந்தாளு எதைத் தூக்கினாலும் மொதல்ல அடிப்பக்கம்தான் பார்ப்பான்."

மறுநாள் அதைப் பழைய லுங்கியில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் மதிய இடைவேளையில், தண்ணீர் தொட்டுத் தொட்டு, முதலில் முரட்டு எமரி, பிறகு மெல்லியது, பிறகு முகத்தில் தேய்த்தாலும் வலிக்காத மாதிரி மெல்லியது என்று தன் கையாலேயே தேய்த்திருக்கிறார். சனிக்கிழமை கொண்டுவந்து அம்மாவின் மடியில் கவிழ்த்து வைத்தபோது அந்த இடம் உள்ளங்கன்னம் போல வழவழவென்று இருந்தது. அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நானா காலத்திலிருந்து அது அப்படியேதான் இருந்தது என்று மட்டும் சொன்னார். துணியை வைத்துத் துடைத்தார். சத்தம் வரவில்லை. என் வாழ்நாளில் நான் கவலையில்லாமல் தூங்கிய இரவுகளை எண்ணச் சொன்னால் அந்தச் சனிக்கிழமை இரவைக் கண்டிப்பாகச் சேர்ப்பேன்.

ஞாயிறு மதியம் கூடத்தில் ஆண்கள் மூவர்: அப்பா, சுந்தரம் சார், ஆறடி உயரத்தில் வெயிலுக்குச் சிவந்துபோன ஜெர்மன்காரர். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் திரை. திரைக்குப் பின்னால் அம்மாவும் புப்புவும். கூடத்தில் நடப்பதைப் பார்த்து வந்து சொல்வதும் தட்டு கொண்டுபோய் வைப்பதும் என் வேலை. பிரியாணித் தேக்சாவின் மூடியைத் திறப்பதற்கு முன்பே அவர் ஷோகேஸைப் பார்த்துவிட்டார். எழுந்துபோய், அனுமதி கேட்டு, குல்தானை இரண்டு கையாலும் எடுத்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஊரில் தெரிந்தவரை எதிர்பாராத இடத்தில் பார்த்தால் வருகிற முகம். சுந்தரம் சாரிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். அவருடைய அம்மா பிறந்த ஊரில் மலையடிவாரம் பூராவும் கண்ணாடிப் பட்டறைகள் இருந்தனவாம், அம்மாவின் தகப்பனார் அங்கே கண்ணாடி ஊதுகிறவராம், இந்த மாதிரி வெள்ளைப் பூ அவர்கள் வீட்டிலும் இருந்ததாம். நான் திரைக்குப் பின்னால் ஓடி அதை அப்படியே சொன்னேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

திரும்பி வந்து பார்த்தபோது அவர் அதைக் கவிழ்த்திருந்தார். கட்டைவிரல் அடியில் போனது. தேடியது. இரண்டு முறை சுற்றி வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு மெதுவாக, மரியாதையாக அணைந்தது. அவர் சொன்னதைச் சுந்தரம் சார் தமிழில் சொன்னார்:

"ரொம்ப சுத்தமா இருக்குதுன்றாரு பாய். கையால ஊதினதா இருந்தா, ஒட்டிப் பிடிச்ச கம்பியில இருந்து ஒடைச்சி எடுத்த எடத்துல அடியில ஒரு வடு நிக்குமாம். அந்த வடுவைப் பார்த்துத்தான் எந்தப் பக்கத்துப் பட்டறைன்னு அவங்க தாத்தா சொல்வாராம். இதுல அது இல்ல. பின்னாடி வந்த மெஷின் சரக்கா இருக்கலாம்ன்றாரு. ஆனா அழகா இருக்குதாம்."

குல்தானைக் கவிழ்த்தபடியே மேசையில் வைத்துவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார். திரைக்குப் பின்னாலிருந்து புப்புவின் குரல், கிசுகிசுப்பு என்று பெயர், கூடத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது: "கோட்டை வாசல்னு நான் சொன்னேனா இல்லியா, துல்ஹன்."



நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பார்வை தட்டில் இருந்தது. அவர் இப்போது வாயைத் திறந்து, வடு இருந்தது, நான்தான் தேய்த்து எடுத்தேன் என்று சொன்னால் அம்மாவின் பேச்சு உண்மை என்று நிற்கும். ஆனால் யாரிடம் சொல்வது? வடுவை மறைத்துச் சரக்குக் கட்டுகிறார்களோ என்று பார்க்கக் கப்பலேறி வந்த மனிதரிடம், நான் வடுவைத் தேய்த்து எடுத்து உங்கள்முன் வைத்தேன் என்று சொல்ல வேண்டும். கடைத்தெருவில் அப்பா முகம் திருப்பிக்கொண்ட அந்த மனிதர் என் கண்முன் வந்தார். நாளைக்கு அப்பாவையும் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள், சம்பளம் நிற்கும், என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவார்கள் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடியது. எல்லாவற்றுக்கும் மூலம் நான், என் பயம். நான் வைத்த தட்டிலிருந்து எண்ணெய்க் கத்திரிக்காய் ஒன்று மேசையில் உருண்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஜெர்மன்காரர் ரசித்துச் சாப்பிட்டார், சுந்தரம் சார் பேசினார், அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கவிழ்ந்த குல்தானை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தேநீர் வந்தபோது அப்பா கைகழுவிவிட்டு வந்தார். உட்காரவில்லை. செலக்‌ஷன் மேசைமுன் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, கம்பெனியில் கற்றுக்கொண்ட இங்கிலீஷில், சுந்தரம் சாரைப் பார்க்காமல் நேராக அவரிடமே சொன்னார். "சார். ஸ்கார் வாஸ் தேர். ஐ டூ பஃபிங். மை மிஸ்டேக்." பிறகு திரைப்பக்கம் திரும்பி, அதே விஷயத்தைத் தமிழில், தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னார்: "வடு இருந்துச்சி. நாந்தான் தேச்சி எடுத்துட்டேன்."

சுந்தரம் சாரின் முகம் வெளுத்தது. ஜெர்மன்காரர் தேநீரைக் கீழே வைத்தார். எத்தனை எமரித் தாள், எந்தெந்த நம்பர் என்று மட்டும் கேட்டார். அப்பா சொன்னார். அவர் சட்டைப்பையிலிருந்து தோல் பார்க்கிற மடக்கு லென்ஸை எடுத்து, குல்தானைத் தூக்கிக்கொண்டு வெளிவாசல் வெயிலுக்குப் போனார். அப்பா பின்னால் போனார், நான் அவர் பின்னால்.

அங்கே அவர் பார்த்ததையெல்லாம் நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக ஓடி ஓடித் திரைக்குள் ஒப்பித்தேன். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக அச்சு சேர்ந்த கோடு இல்லை. கண்ணாடிக்குள் இருந்த காற்றுக் குமிழிகள் உருண்டையாக இல்லாமல், ஊதி இழுத்த திசையில் நீண்டிருந்தன. வாய் விளிம்பு அறுத்ததாக இல்லை, நெருப்பில் உருகி மடங்கியது. ஐந்து பூவில் இரண்டு ஒரே மாதிரி இல்லை. ஒவ்வொரு இதழும் தூரிகையை ஒரே முறை வைத்து எடுத்தது. கடைசியாக லென்ஸை அடிப்பக்கம் வைத்து அப்பாவைக் குனிந்து பார்க்கச் சொன்னார். அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்க விட்டார். நடுவில், அப்பா தேய்த்த இடத்தில், மயிரிழைக் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் சீவிய தலைமுடி போல ஓடின. அதைச் சுற்றி, சாடி நிற்கிற வளையத்தில், பொடிப்பொடிக் கீறல்கள் எந்தத் திசை என்று இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று குழம்பிக் கிடந்தன. நேர்க்கோடு மூன்று நாள் வேலை, குழப்பம் பல பேர் பல வருடம் எடுத்து வைத்து எடுத்து வைத்து வந்தது என்று சுந்தரம் சார் மூலமாக அவர் சொன்னார். கையால் செய்ததுதான், அறுபது எழுபது வருடமாவது இருக்கும். ஆனால் எந்த ஊர், எந்தப் பட்டறை என்று அந்த வடுதான் சொல்லியிருக்கும். இனி யாராலும் சொல்ல முடியாது.

அப்பா கேட்டார்: "அப்ப இன்னா செலக்‌ஷன் சார்?"

சுந்தரம் சார் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அது அவருக்குப் புரிந்துவிட்டது. "ஃபர்ஸ்ட்" என்றார். ஒரு விரலைத் தூக்கி, "வித் ரிமார்க்."

புப்பு விடவில்லை. விருந்தாளிகள் போன பிறகு, வெற்றிலையை மடித்துக்கொண்டே, கையால் செய்தது என்றுதானே சொன்னான், கப்பலில் வந்தது என்று சொன்னானா என்று கேட்டார். யோசித்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் அம்மா அன்றைக்குப் பாத்திரம் கழுவப் போகவில்லை. குல்தானை நிமிர்த்தி ஷோகேஸில் வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "வடுவை எடுத்தீங்க, வாயைத் தொறந்தீங்க. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சி." புப்புவும் அதற்குப் பிறகு கோட்டை வாசலைச் சொல்வதை நிறுத்திவிட்டார், மாட்டு வண்டியை மட்டும் விடவில்லை.

மறுநாள் ஜெர்மன்காரர் அப்பா ஃபர்ஸ்ட் என்று கட்டி வைத்திருந்த ஒவ்வொரு கட்டையும் பிரித்து, ஒவ்வொரு தோலையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா சாயங்காலம் வந்து கால் கழுவும்போது, இன்னும் பிரிக்கிறாரா என்று கேட்பேன். "பிரிக்கட்டுமே. அவர் எடத்துல நான் இருந்தாலும் பிரிச்சித்தான் பார்ப்பேன்" என்பார். நான்காம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போனார். ஒரு தோலும் இடம் மாறவில்லை. நான் பயந்தபடி அப்பாவின் வேலை போகவில்லை. நான் எட்டாவதோடு படிப்பை விட்டது வேறு காரணத்துக்காக, அது வேறு கதை.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை, புப்புவும் இல்லை. அந்தக் கம்பெனி இருந்த இடம் கல்யாண மண்டபமாகிவிட்டது. வடக்கு ஜன்னல் இருந்த சுவரில் மணமக்கள் பெயர் எழுதிய பேனர் கட்டுகிறார்கள். குல்தான் என் வீட்டில், ஃபிரிட்ஜ் மேல் வைத்தால் நடுக்கத்தில் நகர்ந்து விழும் என்று, பீரோவுக்குள் இருக்கிறது.

போன மாதம் என் மகன் அதைப் படம் எடுத்து, பழைய கண்ணாடிச் சாமான்களைப் பார்த்து வயதும் ஊரும் சொல்கிற ஆட்கள் கூடுகிற ஒரு ஃபோன் குழுவில் போட்டான். எல்லாரும் முதலில் கேட்டது அடிப்பக்கப் படம். போட்டான். உடனே ஒருவர் சந்தோஷமாக எழுதினார்: அடியைத் தேய்த்து வழவழப்பாக்கி இருக்கிறார்கள், சாதாரணப் பட்டறைகள் வடுவை அப்படியே விட்டுவிடும், உயர்ந்த பட்டறைகள்தான் இவ்வளவு மெனக்கெடும். எந்த வட்டாரம் என்றுகூட ஒரு பெயர் சொன்னார், இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். அன்று எங்கள் வீட்டில் சொல்ல முடியாமல் போன ஊரின் பெயர், இத்தனை வருடம் கழித்து அப்பாவின் மூன்று மதிய இடைவேளைகளால் கிடைத்துவிட்டது. மகன் சிரித்தான். "வுடும்மா, அவங்களே சொல்றாங்க, நாம இன்னா பொய்யா சொன்னோம்?" என்றான்.

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. மூன்றாம் நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, நானே தட்டினேன்: "அடியில் வடு இருந்தது. என் அப்பா எமரித் தாளால் தேய்த்து எடுத்தார். நான் சொல்லித்தான் எடுத்தார்." அப்படியானால் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று அந்த மனிதர் பதில் போட்டார். ஆமாம் என்ற மற்ற இருவரும் அதோடு பேச்சை விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் நான்தான் இப்போது அதை மடியில் கவிழ்த்துத் துடைக்கிறேன். கட்டைவிரல் தானாகவே அடியில் போய் அந்த இடத்தைத் தேடுகிறது. வழவழவென்று இருக்கிறது. துணி எங்கேயும் மாட்டுவதில்லை. யார் கையும் கிழியாது.